கட்டாயமே இல்லாத சுற்றுச்சூழல் அறிக்கையை ஏன் தர வேண்டும்?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய கணக்கு), பங்குச்சந்தையில் உள்ள, சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம். நாங்கள் சந்தையிலேயே இல்லை. ஆனாலும் பாய்லர் விறகு, ஜெனரேட்டர் டீசல், போர்வெல் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதச் சொல்கிறார் முதலாளி. பெங்களூரா மாங்காய் லோடு வாசலில் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் இது தேவையா?

ஓசூர் சிப்காட்:
தம்பி, கூழை வாங்குவது யார்? வெளிநாட்டு ஜூஸ் கம்பெனி என்றால் விஷயம் முடிந்தது. அவர்களுடைய ஸ்கோப் 3 கணக்கில், அதாவது சரக்கு தருபவர்கள் போன்ற மற்றவர்கள் விடும் புகையின் கணக்கில், உங்கள் பாய்லர் புகையும் சேரும். நீங்கள் எண் தராவிட்டால் அவர்களே உத்தேசமாக ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், அது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. எங்கள் உதிரிபாகப் பட்டறைக்கும் இப்படித்தான் வந்தது. டீசல் பில்லை மாதாமாதம் கூட்டிப் பார்த்தபிறகுதான் ஜெனரேட்டர் எவ்வளவு குடிக்கிறது என்றே தெரிந்தது!

பாலக்கோடு வாத்தியார்:
இந்த அறிக்கைகளெல்லாம் பாதி விளம்பரம்தான் சார். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியது. அதன்பின் எழுந்த அழுத்தத்தில் உருவான சீரிஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் முயற்சியால்தான், இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுத வழிமுறை வகுக்கும் ஜிஆர்ஐ 1997இல் வந்தது. சட்டம் வருவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்கிற கணக்கும் இதில் உண்டு. விருப்ப அறிக்கையில் நட்ட மரம் வரும், கழிவுநீர் வராது.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
சரி, விறகுப் புகையையும் டீசலோடு சேர்த்துவிடலாமா?

ஓசூர் சிப்காட்:
வேண்டாம். விறகிலிருந்து வரும் கரியமில வாயுவைத் தனியாகக் காட்டுவதுதான் முறை.