முகப்பு விளக்கைப் போட்டால் வெப்பநிலை முள் ஏறுகிறது
சேலத்தில் ஓடும் 2006 மாடல் பெட்ரோல் கார். போன மாத மழைக்குப் பிறகு, முகப்பு விளக்கைப் போட்டதும் எஞ்சின் வெப்பநிலை முள் 'எச்' (சூடு) பக்கம் ஏறுகிறது, அணைத்தால் இறங்கிவிடுகிறது. விளக்குப் போட்டால் எஞ்சின் கொதிக்குமா என்ன? எஞ்சின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் அப்போதும் 90 டிகிரிதான். கூலன்ட் குறையவில்லை, ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஏற்காடு மலை ஏறியும் கொதிக்கவில்லை.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றினார், வீண் செலவு. மீட்டருக்கென்று தனியாக உள்ள ஒற்றை வயர் சென்சாரும் புதிது. அதன் வயரைக் கழற்றினால் முள் 'சி'க்கு (குளிர்) விழுகிறது, எஞ்சினில் தொட்டால் 'எச்'சுக்குப் போகிறது. பேட்டரி எர்த் கேபிளைச் சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் முள்ளும் கூடவே லேசாக ஏறுவதை நேற்றுதான் கவனித்தேன்.

டாஷ்போர்டைப் பிரிக்கும் முன் கேட்கிறேன்: மீட்டர் பெட்டியின் எர்த் இணைப்பு, அதற்குள் முள்களுக்குச் சீரான மின்னழுத்தம் தரும் வோல்டேஜ் ரெகுலேட்டர், இரண்டில் எதை முதலில் சோதிக்க வேண்டும்?