டோக்கன்: எது டோக்கன், எதைப் பார்த்து எடுப்பது, எப்படிக் கெடும் (சேகரிப்பவர்கள் சிலரின் உரையாடல், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

செப்புவில்லை:
பார்வைக்கு நாணயம்தான், ஆனால் அரசு அடித்ததல்ல. கடைக்காரரோ சுரங்கமோ போக்குவரத்து நிறுவனமோ அடித்து, "இதைக் கொண்டு வந்தால் இன்னது தருவேன்" என்று வாக்குக் கொடுத்த வில்லைக்குத்தான் டோக்கன் என்று பெயர். பதக்கத்தில் அந்த வாக்கு இருக்காது. சில்லறைத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் டோக்கன் பெருகும். 1787-இல் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த பேரிஸ் (Parys) செப்புச் சுரங்க நிறுவனம் அடித்த ட்ரூயிட் பென்னியைப் பாருங்கள். ட்ரூயிட் என்றால் பழங்கால கெல்டியப் பூசாரி. சுமார் 28 கிராம் செம்பு, 34 மி.மீ. குறுக்களவு. ஒரு பக்கம் முக்காடிட்ட தாடிக்காரர் தலை, சுற்றிலும் ஓக் இலை மாலை. மறுபக்கம் நிறுவனத்தின் முதலெழுத்துகள், சுற்றிலும் "கொண்டு வருபவருக்கு ஒரு பென்னி தருவோம்" என்ற வாசகம். எங்கே மாற்றலாம் என்பதை விளிம்பில் தேட வேண்டும்: லண்டன், லிவர்பூல், ஆங்கில்சி. விளிம்பைத் திருப்பிப் பார்க்காமல் ஆல்பத்தில் செருகினால் பாதிச் செய்தி போச்சு.

ஓரவரி:
விளிம்பு மட்டும் போதாது, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இந்த 18-ஆம் நூற்றாண்டு டோக்கன்களுக்கு 'காண்டர்' என்ற பெயர் வந்ததே, ஜேம்ஸ் காண்டர் 1798-இல் போட்ட பட்டியலால். அன்றைக்கே சேகரிக்கும் கூட்டம் இருந்தது. அதைப் பார்த்த தயாரிப்பாளர்கள் ஓர் ஊரின் முகப்பு அச்சையும் வேறோர் ஊரின் பின்புற அச்சையும் சேர்த்து அடித்து 'அபூர்வம்' என்று தள்ளிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றால், கடைத்தெருவில் புழங்காத வில்லையோ என்று சந்தேகப்படலாம். போலி இல்லை, அந்தக் காலத்துச் சரக்குதான். ஆனால் அதைப் புழக்கத்தில் இருந்தது என்று சொல்லி விற்றால் ஏமாற வேண்டாம்.

தராசுக்கல்:
தேவையான கருவி மூன்று: 0.01 கிராம் காட்டும் தராசு, காலிப்பர் (குறுக்களவு எடுக்கும் கருவி), 10 மடங்கு லென்ஸ். குறுக்களவை இரண்டு திசையில் எடுங்கள், பழைய வில்லை சரியான வட்டமாக இருப்பது அரிது. பிறகு அச்சுத் திசை, அதாவது இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்பது: முகப்பு நேராக இருக்கும்படி மேலும் கீழும் பிடித்து, பக்கவாட்டில் சுழற்றுங்கள். பின்புறம் நேராக வந்தால் பதக்க அமைப்பு, தலைகீழாக வந்தால் நாணய அமைப்பு. பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அசலை வைத்து வார்த்த போலி, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட ஒரு துளி சிறிதாக வரும். எழுத்தின் ஓரம் மழுங்கி, எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பில் ஊசிமுனை போலக் குழிகள் இருக்கும். விளிம்பில் அரம் ஓடிய கீறல் இருந்தால் வார்ப்புத் தையலை (வார்ப்பு அச்சின் இரு பாதி சேர்ந்த கோட்டை) மறைத்திருக்கிறார்கள்.

எழுத்துப் பிழையைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்களில், கொடியை இறக்குபவனை 'அந்த இடத்திலேயே சுடு' என்ற வாசகம் கொண்ட 1863 வில்லை ஒன்று உண்டு. அதில் ஓர் அச்சில் 'ஸ்பாட்' என்ற சொல்லுக்கு ஓர் 'ஓ' கூடிவிட்டது. அந்த அச்சில் அடித்தவை அசல்தான்.

வழித்தடம்:
பல போக்குவரத்து டோக்கன்களில் துளை ஓர் அடையாளம், அளவு மட்டும் போதாது. நியூயார்க் சுரங்க ரயிலில் 1953-இல் கட்டணம் 10 சென்டிலிருந்து 15 ஆனது. நுழைவுக் கருவியால் இரண்டு வகை நாணயத்தை வாங்க முடியாததால் டோக்கன் வந்து, 2003 வரை ஓடியது. 1980களின் தொடக்கத்தில் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் சுங்கச் சாலை டோக்கனும் கிட்டத்தட்ட அதே அளவு. அதன் விலை 17.5 சென்ட், ரயில் கட்டணமோ 75 சென்ட். பிறகென்ன, ஆட்கள் அதைப் போட்டு உள்ளே போனார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆல்பம் போடுவது இதற்காகத்தான்.

களிம்பு:
சுத்தம் செய்கிறேன் என்று எலுமிச்சை, வினிகர், பாலிஷ் பக்கம் போகவே கூடாது. பழுப்புப் படலம் போனால் திரும்பாது, மதிப்பும் போய்விடும். மென்மையான பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறையில் கிடந்த வில்லையில் பச்சைப் பிசுக்கு படியும். அதைச் சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது. பிளாஸ்டிக், எபோனைட் (கடின ரப்பர்) டோக்கனை அசிட்டோனில் போட்டால் வில்லையே பாழ்.

வெளிர்பச்சைத் தூள் துடைத்த பிறகும் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. உடனே தனிப்பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈய டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓக் மர அலமாரியைத் தவிர்க்க வேண்டும். மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

செப்புவில்லை:
பெயர் இருந்து ஊர் இல்லாத டோக்கன்தான் தலைவலி. பழைய வணிக முகவரிப் புத்தகத்தில் கடைப் பெயரையும் தொழிலையும் சேர்த்துத் தேடுங்கள். பெயர் மட்டும் என்றால் பத்து ஊரில் கிடைக்கும். எங்கே, எந்த வில்லைகளோடு சேர்ந்து கிடைத்தது என்பதை உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். எழுதிவிட்டு வில்லையை உள்ளே போடுங்கள், போட்டுவிட்டு எழுதினால் பென்சில் அழுத்தம் உலோகத்தில் பதியும்.