புதுப்பிப்பு: ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு

1/3-ஐ விட 1/4 பெரியது என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். முழு எண்களில் 3-ஐ விட 4 பெரியது என்ற பழக்கம்தான். ஒரே நீளக் காகிதப் பட்டைகளைச் சம பாகங்களாக மடித்து ஒப்பிடும் யோசனை சொன்னவர்களுக்கு நன்றி, அது வேலை செய்தது. மூன்றாக மடிப்பதுதான் பெரும்பாடு. 12 செ.மீ. பட்டை எடுத்தால் 4 செ.மீ. வீதம் அளந்துவிடலாம்.

அப்புறம் அடுத்த பூதம் கிளம்பியது: 1/2 + 1/3 = 2/5. மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டிவிடுகிறார்கள். நான் விதி எதுவும் சொல்லவில்லை. 2/5 எவ்வளவு நீளம் வரும் என்று மட்டும் கேட்டேன். 4.8 செ.மீ. பாதிப் பட்டையே 6 செ.மீ. "கூட்டினா எப்படி மிஸ் குறையும்?" என்றாள் ஒருத்தி. அங்கிருந்து அவர்களே ஆறு பாகமாக மடித்து, 3/6-உம் 2/6-உம் சேர்ந்து 5/6 என்று வந்துவிட்டார்கள். பாடநூல் வழியை இதற்குப் பிறகு காட்டுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து தசமம். 0.35 பெரியதா, 0.4 பெரியதா என்ற சண்டை இப்போதே ஆரம்பித்துவிட்டது. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.