நர்சிங் படிப்பு, லைசென்ஸ் பரீட்சை: எப்போது தயாராக ஆரம்பிப்பது? குமரி மாவட்டத்து அனுபவங்கள்

மார்த்தாண்டம், ஸ்டாஃப் நர்ஸ்

ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர், அமெரிக்காவில் நர்சாக வேலை பார்க்க எழுதும் லைசென்ஸ் பரீட்சையான என்கிளெக்ஸ் கோச்சிங்கில் இப்போதே சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா, அந்தக் காசு கையில் இருக்கட்டும். இப்போதே செய்ய வேண்டிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பெயர் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பெண், நம் மாவட்டத்துப் பிள்ளைதான். ஐ.சி.யூ.வில் அவ்வளவு கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர். ஆதாரில் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுதாக வந்துவிட்டது. நர்சிங் கவுன்சில் பதிவில் ஒரு எழுத்து வேறு. கல்ஃபில் வேலை சரியானபோது எல்லாவற்றையும் டேட்டாஃப்ளோ என்ற, சான்றிதழ் சரிபார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினாள். அவர்கள் நம் பேப்பரை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை; பல்கலைக்கழகம், கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடத்துக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். பெயர் ஒத்துவரவில்லை என்று விளக்கம் கேட்டு வந்தது. நோட்டரி அஃபிடவிட், கெசட் என்று அவள் அலைந்து முடிப்பதற்குள் அந்த வேக்கன்சியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அன்று நைட் டூட்டியில் அவள் மருந்து டிராலி பக்கத்தில் நின்று அழுததைப் பார்த்தவள் நான். படிப்பில் ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கு இப்படி நடந்தது இன்றும் மனசுக்கு ஆறவில்லை.

பள்ளியில் படிக்கும்போதே என்றால் தலைமை ஆசிரியரைப் பார்த்து, பொதுத் தேர்வுக்குப் பெயர் பட்டியல் போகும் முன் எழுத்தைச் சரிசெய்துவிடலாம். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதே வேலை பெரிய பாடு.

இனி பரீட்சை. என்கிளெக்ஸ் மனப்பாடத்தைச் சோதிப்பது குறைவு. 2023 ஏப்ரலில் புது வடிவம் வந்த பிறகு கேஸ் ஸ்டடி கேள்விகளும் சேர்ந்திருக்கின்றன. குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் 5 மணி. நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறும். நான் ஜூனியர்களிடம் கேட்பது மாதிரி ஒன்று சொல்கிறேன். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஆறு. ஒருவர் பல வருஷமாக சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர், ஆக்சிஜன் அளவு 90. மூன்றாமவர் சர்க்கரை நோயாளி, காலையில் 190. நான்காவது, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டி. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர், இன்று எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறுகிறார். யாரிடம் முதலில் போவாய்?

பெரும்பாலான பிள்ளைகள் 90 என்ற எண்ணைப் பார்த்ததும் அங்கே ஓடுவார்கள். அந்த நோய்க்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே போதும், அவர் தன் அளவில்தான் இருக்கிறார். பாட்டிக்குத் திடீரென்று வந்த குழப்பம்தான் ஆபத்து. ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், உடைந்த எலும்பிலிருந்து கொழுப்பு நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். புதிதாக வந்தது எது, பழையது எது என்று பார்க்கும் கண் முதல் வருஷம் வார்டில் கால் வைத்த நாளிலிருந்து பழக வேண்டியது. சீனியர் சிஸ்டர் ஒரு பெட்டை விட்டு இன்னொரு பெட்டுக்கு ஓடினால் பின்னாலேயே போய் "ஏன் சிஸ்டர் அங்கே முதலில் போனீங்க?" என்று கேளுங்கள் மக்களே. திட்டினாலும் பரவாயில்லை.

குளச்சல், ஒரு மாணவியின் அப்பா

எனக்கு மருத்துவம் தெரியாது, கடல் தொழில். மகள் ப்ளஸ் டூ எழுதி முடித்த வாரமே ஏஜெண்ட் வீடு தேடி வந்துவிட்டார். கர்நாடகாவில் ஒரு கல்லூரி, சீட் உறுதி, பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் போதும் என்றார். பேச்சு தேனாக இருந்தது. எங்கள் சர்ச் பங்கில், ஆசிரியையாக இருக்கும் ஒரு அம்மா, கொடுக்கும் முன் மூன்று இடத்தில் பாருங்கள் என்றார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியல், அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம், பல்கலைக்கழக இணைப்பு. கூடவே, மாணவர்களைக் கிளினிக்கல் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை பெட் என்று கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். ஏஜெண்ட் பெட் கணக்கு மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

தமிழ்நாட்டில் பி.எஸ்.சி. நர்சிங் அரசு ஒதுக்கீட்டுக்கு ப்ளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். அதனால் தயாரிப்பு என்பது எங்கள் வீட்டில் ப்ளஸ் ஒன்னிலேயே அந்த மூன்று பாடத்தையும் பிடித்துக்கொள்வதாக இருந்தது. கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது. கடவுளுக்கு நன்றி. கல்விக்கடனுக்கு பேங்கில் முதலில் கேட்பதும் அங்கீகாரக் கடிதம்தான், மற்ற அப்பாமார் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், மூன்றாம் வருஷ மாணவி

நான் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். கல்லூரியில் முதல் மாதம் அனாடமி வகுப்பில் எல்லாம் காதில் விழும், ஒன்றும் உள்ளே போகாது. எனக்குக் கைகொடுத்தது கணக்கு. டிரிப் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடலாம், பயந்தால்தான் தப்பும். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் (சொட்டு விழும் குழாய்) மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. அதே சலைனை 15 சொட்டு செட்டில் போட்டால் 31. கவரில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் பழக்க தோஷத்தில் 42 வைத்தால், 4 மணி நேரத்தில் போக வேண்டியது 3 மணி நேரத்திலேயே ஓடி முடிந்துவிடும். இதய நோயாளிக்கு அது விளையாட்டு இல்லை. வாட்சை டிரிப் சேம்பர் அருகே பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்த எங்கள் டியூட்டருக்கு நான் எப்போதும் கடன்பட்டவள்.

எய்ம்ஸ் வேலைக்கான நார்செட் எழுதும் ஆசை இருக்கிறது. பி.எஸ்.சி. முடித்து கவுன்சிலில் பதிந்தால் அனுபவம் இல்லாமலே எழுதலாம், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவர்களுக்கு 50 பெட் ஆஸ்பத்திரியில் 2 வருஷ அனுபவம் வேண்டும். தோழிகள் பலருக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன்.

தக்கலை, இங்கிலாந்தில் பணிபுரியும் நர்ஸ்

தம்பிகளும் நர்சிங்குக்கு வாருங்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியும் நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் இருக்கும் மாவட்டம் நம்முடையது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வந்து உழைத்தது நம் நெய்யூரில்தான். ஆனாலும் ஆம்பிளைப் பிள்ளை நர்சிங் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பது இன்னும் நிற்கவில்லை.

இங்கே வர கணினித் தேர்வு ஒன்று, பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இரண்டும் பாடம் தெரிந்தவனுக்குக் கடினமில்லை. நம் பிள்ளைகள் இடறுவது ஆங்கிலப் பரீட்சையில்; இரண்டில் ஒன்று எழுதினால் போதும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5. மருத்துவத் துறைக்கென்றே நடத்தும் ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் பி, எழுதுவதில் சி பிளஸ். ஓ.இ.டி.யில் எழுதுவது ஆஸ்பத்திரிக் கடிதம்: நோயாளியின் குறிப்பைக் கொடுத்து, வீட்டில் வந்து பார்க்கப்போகும் நர்சுக்கு எழுது என்பார்கள். குறிப்பில் இருப்பதெல்லாம் எழுதினால் மார்க் போகும். அந்த நர்சுக்கு எது வேண்டும் என்று பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். படிக்கும் காலத்தில் கேஸ் ஷீட்டை எடுத்து தினம் ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் போடாமல், பத்து வரி சொந்தமாக எழுதிப் பாருங்கள். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கோச்சிங் சென்டருக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே கிடைக்கும் சில வாரத்தில் இந்தக் கை வராது.

இன்னொன்று, அனுபவச் சான்றிதழ். வேலையை விடும்போது சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டு, ஆஸ்பத்திரியில் எத்தனை பெட் என்று எல்லாம் போட்டு வாங்குங்கள். நான் முதலில் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி, பாண்ட் (இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் கைக்கு வந்தது. ஒரிஜினலைக் காட்டுங்கள், யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மார்த்தாண்டம், ஸ்டாஃப் நர்ஸ்

தக்கலைத் தம்பி சொன்னது அத்தனையும் சத்தியம். அரசு வேலை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எம்.ஆர்.பி. (தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் நர்ஸ் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. விளவங்கோடு பக்கம் மலையாளம் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் இதை முன்பே கவனத்தில் வைத்துத் தமிழ் எழுதிப் பழக வேண்டும். அவர்களுக்கு வீட்டுப் பேச்சில் தமிழ் நன்றாக வரும், எழுத்தில்தான் தயக்கம்.

பாஸ்போர்ட் எப்போது எடுக்கலாம் என்று கேட்ட அக்காவுக்கு: 15 வயது முடிந்திருந்தால் 10 வருஷத்துக்கே கேட்கலாம். ஆனால் மார்க் ஷீட்டில் பெயர் சரியான பிறகு விண்ணப்பம் போடுங்கள், முன்னால் வேண்டாம்.