டிரான்சிட் வேனில் 5 கிலோவாட் டீசல் ஹீட்டர்: காலையில் பற்றுவதில்லை, வெள்ளைப் புகை, ஈ-10

வேன்வீடு_லீட்ஸ்:

ஃபோர்டு டிரான்சிட், 2017 மாடல், நீள வீல்பேஸ். சுவர், கூரை எல்லாம் 50 மி.மீ. இன்சுலேஷன். பயணி சீட்டுக்கு அடியில் 5 கிலோவாட் சீன டீசல் ஹீட்டர் கிட் மாட்டியிருக்கிறது. சாயங்காலம் போட்டால் முதல் தடவையிலேயே பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுக்கக் குறைந்த அளவில் ஓடுகிறது. காலையில் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால்தான் சிக்கல்: வெள்ளைப் புகையாகக் கக்குகிறது, இரண்டு முறை தானே முயல்கிறது, பிறகு ஈ-10 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடுகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே என்றால் கட்டாயம் இதே கதைதான்.

மாட்டியிருக்கும் விதம்: 110 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி. அங்கிருந்து ஹீட்டருக்கு 4 மீட்டர், 2.5 சதுர மி.மீ. வயர், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சினிலிருந்து டாங்குக்குத் திரும்பும் டீசல் லைனில் டி-பீஸ் (மூன்று வாய் இணைப்பு) போட்டு ஹீட்டருக்கு டீசல் எடுத்திருக்கிறது. கிட்டோடு வந்த பச்சை டியூப்தான். பம்ப் சேஸிஸில் படுக்கைவாக்கில். எக்ஸாஸ்ட் 60 செ.மீ., அதற்கப்புறம் சைலன்சர், முனை வேனுக்கு அடியில் நடுவாக்கில் கீழே பார்த்தபடி.

க்ளோ பிளக் (சூடேறி டீசலைப் பற்றவைக்கும் முனை) போய்விட்டதா? ஜனவரியில் ஸ்காட்லாந்து கெய்ர்ன்கார்ம்ஸ், பிப்ரவரியில் பிரான்ஸ் வால் தோரன்ஸ் போகத் திட்டம். தூங்கும்போது ஓட விடலாமா?

---

தீப்பொறி:

முதலில் எக்ஸாஸ்ட். அதை மாற்றும்வரை இந்த ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. முனை வேனுக்கு அடியில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அங்கேயே தேங்கும். காற்று வீசுகிற இடத்தில் தெரியாது. சுற்றிலும் அரை அடி பனி கிடந்தால் வேனின் அடிப்பகுதி நாலு பக்கமும் அடைத்த அறை ஆகிவிடும். தரையில் இருக்கும் வயர் துளை, சக்கர வளைவு, சறுக்குக் கதவின் ரப்பர் எதன் வழியாகவும் உள்ளே வரலாம்.

முனையைப் பக்கவாட்டில், வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே கொண்டுவாருங்கள். திறக்கிற ஜன்னலுக்கும் சறுக்குக் கதவுக்கும் எதிர்ப்பக்கம். முன்னோக்கிப் பார்க்கக் கூடாது, ஓடும்போது காற்றும் தண்ணீரும் ஏறும். ஹீட்டரிலிருந்து முனை வரை கொஞ்சம் இறக்கமாகவே போகட்டும். எங்காவது தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், எனவே மிகத் தாழ்வான இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள். எரிப்புக்காற்று உள்ளே போகும் குழாய் எக்ஸாஸ்ட் முனைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, சேஸிஸ் ரெயிலுக்கு மறுபுறம் வைப்பது நல்லது. டீசல் டியூப், பிரேக் பைப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் போகும் பகுதியில் அதன்மேல் கண்ணாடி இழை நாடா சுற்றுங்கள்.

ஈ.என். 50291-2 என்ற தர எண் அச்சிட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள். இரண்டாம் பகுதிதான் வாகனத்துக்கும் படகுக்கும் உரியது, வீட்டுக்கானது 50291-1. படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

இனி ஈ-10. பெரும்பாலான சீனக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இதற்குப் 'பற்றவில்லை' என்று பொருள். க்ளோ பிளக் அறுந்திருந்தால் ஈ-03 வந்திருக்கும். எனவே பிளக் போகவில்லை, அதற்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்றுதான் சந்தேகப்படுவேன்.

பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். 4 மீட்டர் போய் 4 மீட்டர் திரும்பி, 2.5 சதுர மி.மீ. செம்பில் 10 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.56 வோல்ட் போய்விடும். கிட்டோடு வரும் மெல்லிய வயர், ஃபியூஸ் ஹோல்டர், கிரிம்ப் இவை தனிக்கணக்கு. ராத்திரி முழுக்க ஹீட்டரும் ஃபிரிட்ஜும் ஓடிய ஏஜிஎம் பேட்டரி காலையில் 12.2 வோல்ட்டில் இருக்கும், சுமை ஏறியதும் இன்னும் இறங்கும். சாயங்காலம் பற்றுவதற்குக் காரணம், அப்போதுதான் வண்டி ஓட்டி வந்து பேட்டரி நிறைந்திருப்பது.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள், ஹீட்டரின் கனெக்டரில் வையுங்கள். பற்றும் நேரத்தில் 11.5-க்குக் கீழே போனால் 6 சதுர மி.மீ. வயர் போடுங்கள், இழப்பு 0.23 ஆகக் குறையும். நெகட்டிவையும் அதே தடிமனில் பேட்டரி வரை கொண்டுபோங்கள், பாடியில் எர்த் பண்ணி விட்டுவிடாதீர்கள்.

---

மூணாவது_கியர்:

தீப்பொறி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் டீசல் லைனைத் தொடாமல் விட்டுவிட்டார், பாதிக் குற்றவாளி அங்கே இருக்கிறான்.

ரிட்டர்ன் லைனில் டி-பீஸ் வேண்டாம். எஞ்சின் நின்றதும் அந்த லைன் டாங்குக்குள் வடிந்து காலியாகும், ஹீட்டர் பம்ப் காற்றை உறிஞ்சும். சப்ளை லைனில் போடலாமே என்றும் யோசிக்காதீர்கள். டாங்குக்குள் இருக்கும் மின்பம்ப் அந்த லைனை அழுத்தத்தில் வைத்திருக்கும். ஹீட்டரின் பம்ப் ஒரு வால்வு அல்ல, எஞ்சின் ஓடும்போதெல்லாம் டீசல் அதைத் தாண்டி எரிகலனுக்குள் ஒழுகும்.

டிரான்சிட் டாங்கின் மேல்மூடியிலேயே துணை எடுப்பு ஒன்று மூடி போட்டு இருக்கும். அதற்கான அடாப்டர் பைப் விற்கிறார்கள். அது டாங்கின் அடிவரை போகாது, எனவே டீசல் மிகக் குறைந்தால் ஹீட்டர் முதலில் நிற்கும், வண்டி வீடு போய்ச் சேரும். வடிவமைத்தவர் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

பச்சை டியூப்பைக் குப்பையில் போடுங்கள். மிருதுவாக இருப்பதால் பம்பின் துடிப்பை விழுங்கிவிடும், உள்விட்டம் பெரிது என்பதால் குமிழி தங்கும். உள்விட்டம் 1.5 அல்லது 2 மி.மீ. உள்ள கெட்டியான நைலான் டியூப் வேண்டும். அதைப் பிளேடால் நேராக வெட்டுங்கள், கட்டிங் பிளையரால் நசுக்கினால் முனை நீள்வட்டமாகிவிடும். இணைப்பில் போடும் ரப்பர் ஹோஸுக்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டால் அங்கேதான் குமிழி வளரும்.

பம்ப் படுக்கக் கூடாது. வெளியேற்றும் முனை மேலே பார்க்க, 15 முதல் 35 டிகிரி சாய்வு கொடுங்கள். வயர் கனெக்டர் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் வெளியேற்றும் முனை. பம்பின் இரண்டு வயருக்கும் பிளஸ், மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஓடும். ரப்பர் கிளிப்பில் தொங்கவிட்டால் 'டக் டக்' படுக்கைக்குக் கேட்காது.

அளவையும் சோதித்துவிடுங்கள். ஹீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் டியூப்பைக் கழற்றி, மருந்துக்கடை 10 மி.லி. சிரிஞ்சுக்குள் விட்டு, பிரைமிங் முறையில் (பற்றவைக்காமல் பம்பை மட்டும் ஓட்டுவது) 200 துடிப்பு ஓட்டுங்கள். பம்பின் மேல் 22 என்று இருந்தால் ஒரு துடிப்புக்கு 0.022 மி.லி., எனவே 4.4 மி.லி. வர வேண்டும். குறைந்தால் காற்று அல்லது அடைப்பு.

இன்னொன்று: 5 கிலோவாட் ஹீட்டரை நல்ல இன்சுலேஷன் உள்ள டிரான்சிட்டில் ராத்திரி முழுக்கக் குறைந்த அளவில் ஓட்டினால் கரி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? அந்த வண்டிக்கு 2 கிலோவாட் தாராளம். கடைக்காரர் 8 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் பல நேரம் இதே 5 கிலோவாட் பெட்டிதான். இருப்பதை வைத்து ஓட்டுவதென்றால் தூங்கும் முன் 20 நிமிடமும் அணைக்கும் முன் 20 நிமிடமும் முழு வேகத்தில் ஓட்டுங்கள்.

---

வேன்வீடு_லீட்ஸ்:

அளந்தாயிற்று. பற்றும் நேரத்தில் பேட்டரியில் 11.9, ஹீட்டர் கனெக்டரில் 10.9. சிரிஞ்சில் 200 துடிப்புக்கு 3.2 மி.லி., கண்ணுக்குத் தெரிகிற குமிழிகளோடு. எக்ஸாஸ்ட்டை ஓட்டுநர் பக்க விளிம்புக்குக் கொண்டுபோக 24 மி.மீ. ஸ்டீல் ஃபிளெக்ஸ் வாங்கியிருக்கிறேன். வயர் 6 சதுர மி.மீ. ஆர்டர் போட்டாயிற்று. ஃபியூஸையும் பெரிதாக்க வேண்டுமா? வால் தோரன்ஸின் 2,300 மீட்டர் உயரத்தில் என்ன ஆகும்?

---

தீப்பொறி:

ஃபியூஸ் 15-லேயே இருக்கட்டும். அது காப்பது ஹீட்டரோடு வந்த மெல்லிய வயரை, உங்கள் புது வயரை அல்ல. பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு வோல்ட் தொலைந்திருக்கிறது. வயர் 0.56 தின்றால் மீதி 0.4 வேறெங்கோ. ஹீட்டர் பற்றும்போது ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான். கிட்டோடு வரும் ஹோல்டரின் தகடு பல் தளர்ந்து கிடக்கும். 12.4-ல் கிடைக்கும் சூட்டோடு பார்த்தால் 10.9-ல் க்ளோ பிளக்குக்குக் கால் பங்கு குறைவு, சக்தி வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். அந்தச் சூட்டில் டீசல் ஆவியாகும், ஆனால் பற்றாது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை அதுவேதான்.

ஈ-10 வந்ததும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் இறங்கிய டீசல் எரிகலனில் தேங்கி நிற்கும். கடைசியில் பற்றும்போது அத்தனையும் சேர்ந்து எரிந்து சைலன்சர் சிவக்கும். மெயின் சுவிட்சைப் போட்டு அணைக்கவும் கூடாது. அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தங்கும் சூடு விசிறி மோட்டாரையும் சர்க்யூட் போர்டையும் பொசுக்கும்.

---

பனித்தெரு_சூரிச்:

உயரத்தைப் பற்றி நான் சொல்லுறன். வால் தோரன்ஸில காற்றழுத்தம் கடல்மட்டத்தில இருக்கிறதில ஏறக்குறைய முக்கால் பங்குதான். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும், ஆனா எரிக்கிறதுக்கு ஒட்சிசன் காணாது. கறுப்புப் புகை வரும், கரி பிடிக்கும், ரெண்டு மூண்டு இரவில அடைச்சுப் போடும். தானா உயரம் அறிஞ்சு டீசலைக் குறைக்கிற ஹீற்றரும் இருக்கு, விலை குறைஞ்ச கிற்றுகளில அது அனேகமா இராது.

கொன்ட்ரோலரில மறைஞ்ச மெனு ஒண்டு இருக்கும், பல மொடலில கடவு எண் 1688. உள்ளுக்கை போய் பம்பின்ர ஹேர்ட்ஸ் அளவை (ஒரு செக்கனுக்கு எத்தனை துடிப்பு எண்டது) பாருங்கோ. கூடியது 5.0 எண்டால் அங்க 3.8-க்கு இறக்குங்கோ. குறைஞ்சது 1.6 எண்டால் 1.3 மட்டும் போகலாம், அதுக்குக் கீழ போனால் சுவாலை அணைஞ்சு ஈ-08 வரும். விசிறி வேகத்தில கை வைக்காதேங்கோ. முதலில பழைய இலக்கங்களைப் படம் எடுத்து வைச்சிட்டு மாத்துங்கோ, கீழ இறங்கினதும் திருப்பிப் போட வேணும்.

டீசல் எங்க அடிக்கிறியள் எண்டதும் முக்கியம். பிரித்தானியாவில நவம்பர் 16-இல இருந்து மார்ச் 15 வரைக்கும் குளிர்கால டீசல், -15 செல்சியஸ் வரைக்கும் பில்டர் அடைக்காது. மலையில அதைவிடக் குளிரும். கடைசி டாங்கை மலையடிவாரத்தில, அந்த ஊர்ப் பம்பில நிரப்புங்கோ. குளிரில டீசல் மெழுகு கட்டினால் எஞ்சினுக்கு முன்னம் ஹீற்றரின்ர சின்ன பில்டரும் 2 மி.மீற்றர் ரியூப்பும்தான் அடைக்கும். பனி கொட்டுற இரவில எக்ஸோஸ்ற் முனையைச் சுத்திச் சவளால தள்ளிவிட்டிட்டுத்தான் படுக்க வேணும், பனி வழிக்கிற வண்டி பக்கத்தால போனால் எழும்பித் திருப்பிப் பாருங்கோ.

---

மூணாவது_கியர்:

கணக்கு ஒன்று, பேட்டரிக்கும் டாங்குக்கும். 1.6 ஹேர்ட்ஸில் 0.022 மி.லி. வீதம் மணிக்கு 127 மி.லி., பத்து மணி நேரத்துக்கு ஒன்றேகால் லிட்டர். மின்சாரம், ஹீட்டர் ஓடும்போது ஓர் ஆம்பியர் சொச்சம், ஒரு ராத்திரிக்கு 10 முதல் 15 ஆம்பியர்-அவர். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் அரை ஆம்பியர்-அவருக்கு மேல். அடிக்கடி அணைந்து பற்றுகிற தெர்மோஸ்டாட் முறை இந்த பேட்டரிக்கு ஒத்துவராது, தொடர்ந்து ஓட விடுங்கள்.

வயரும் டியூப்பும் மாற்றிய பிறகும் புகைந்தால், பிளக்கைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் உருளை வலையைப் பாருங்கள். கிட்டில் வரும் பெட்டி ஸ்பேனரால் பிளக் கழலும், வலையை நீளமூக்கு பிளையரால் நேராக இழுக்க வேண்டும். கரியால் அடைந்த வலையைக் கழுவி மறுபடி போடுவதில் பயனில்லை, புதிதே சில பவுண்டுதான். வலை உட்காரும் குழியில் காற்றுக்கென்று குண்டூசித் துளை ஒன்று இருக்கும், அதை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். வலை புதிதாய் இருந்தும் பற்றாமல் தவிக்கும் ஹீட்டர்களில் அடைந்திருப்பது பெரும்பாலும் அந்தத் துளைதான்.

திரும்பப் பூட்டும்போது பிளக் வயர் வெளியே வரும் ரப்பர் அடைப்பான் மூடியின் காடியில் முழுவதும் உட்கார வேண்டும். அது பிதுங்கி நின்றால் பிளக்கின் தலைமாட்டில் கசியும் எக்ஸாஸ்ட் புகை நேராகச் சூடான காற்றோடு வேனுக்குள் வரும். அதே காரணத்துக்காக அடித்தட்டின் கேஸ்கட்டையும் பாருங்கள். டிரான்சிட் தரை வரிவரியாக இருக்கும், தட்டையான இரும்புப் பிளேட் வைக்காமல் நேரடியாக முடுக்கினால் கேஸ்கட் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் வாய் பிளக்கும், அடிப்பாகம் வளைந்து விசிறி உறையில் உரசும்.

சுத்தம் செய்த பின் முதல் ஓட்டத்தைக் கெரசினில் கொடுப்பது நல்லது, 28 செகண்ட் வெப்ப எண்ணெய் என்று கிடைக்கும். தனிப் புட்டியில் வைத்து பம்பின் உறிஞ்சு டியூப்பை அதில் விட்டு, கதவெல்லாம் திறந்து வைத்து முழு வேகத்தில் அரை மணி நேரம். வேன் டாங்கில் ஊற்றிவிடாதீர்கள். மலைக்குப் போகும்போது ஒரு க்ளோ பிளக், இரண்டு வலை, ஒரு பில்டர், அந்தப் பெட்டி ஸ்பேனர் இவற்றைக் கையுறைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.