முல்லைத்தீவிலிருந்து முத்தையன்கட்டுக்குக் கிறவல் வீதியால் சைக்கிளில் போகலாமா?

வட்டுவாகல்காரன்:
ஆவணி விடுமுறையில் நானும் தங்கையும் முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முத்தையன்கட்டுக் குளம் வரை போக இருக்கிறோம். இயன்றவரை ஏ34 தார் வீதியை விட்டு உள் வீதிகளால் போக விருப்பம். போன கிழமை கிறவலில், அதாவது சரளை மண் பரவிய வீதியில், பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பார்த்தேன். மேடு எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் மலை ஏறியதுபோல் கால் கடுத்தது. கியர் இல்லாத சைக்கிள். அதனாலா?

பாலைநிழல்:
தம்பி, சைக்கிளைக் குறை சொல்லாதீர்கள். கடலை விட்டு மேற்கே வர வர நிலம் தெரியாமலே உயர்கிறது. அதன்மேல் சோளகம், அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, எதிர்க்காற்று. வன்னியில் எங்களுக்கு மலை அதுதான். காலையில் காற்று எழும்பு முன் பாதித் தூரத்தை முடித்துவிட வேண்டும்.

பதினொரு வருடமாகக் கிறவல் வீதியால்தான் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறேன். இறுகிய கிறவல் தார்போல ஓடும். புதிதாகப் பரவியது காலைத் தின்னும். டிப்பர் ஓடிய இடத்தில் குறுக்கே அலை அலையாக இருக்கும். ஓரத்தால் போனால் குலுக்கல் குறைவு, ஆனால் மணல் சேர்வதும் அங்கேதான். மணலில் முன் பிறேக்கைத் தொடாதீர்கள். கைபிடியை இறுக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல் நேரே விடுங்கள்.

வெயிலுக்குப் பயந்து இருட்டோடு புறப்படவும் வேண்டாம். ஒரு பாலைப்பழக் காலத்தில், பின்னேரம் வரும்போது வளைவில் தனியன் யானை நின்றது. சைக்கிளை விட்டு இறங்கி, சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்ந்து, அரை மணி நேரம் நின்றேன். அது தானாகக் காட்டுக்குள் போனது. அன்றிலிருந்து ஐந்து மணிக்குப் பிறகு நான் அந்த வீதியில் இருப்பதில்லை.

ஒட்டுக்கடை:
ரயரில் காற்றைச் சற்றுக் குறையுங்கள், பிடிப்பு வரும். பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் குறைத்தால் கல்லில் றிம் இடித்து ரியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். சூரை முள்ளுக்கு எந்த ரயரும் தாங்காது. மாற்று ரியூப் ஒன்றும் பம்பும் கட்டாயம்.

குளக்கட்டுப் பிள்ளை:
தங்கையும் வருவதால் சொல்கிறேன். நிழலுக்கோ வேறு தேவைக்கோ வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும் பழைய வெடிபொருள் கிடக்கலாம். ஊர்மனைக்குள் கேட்டால் எந்த வீட்டிலும் மறுக்க மாட்டார்கள். தண்ணீரும் தருவார்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறலாம்.

வட்டுவாகல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் திரும்பும்போது சோளகம் முதுகில் தள்ளும் அல்லவா, அண்ணா?

பாலைநிழல்:
தள்ளும். அதை நம்பிக் குளத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். இரண்டு மணிக்குக் குளக்கட்டை விட்டு வெளிக்கிடுங்கள். திரும்பும்போது தார் வீதியையே பிடியுங்கள்.