சோர்ஸ் இல்லாமல் கதிரியக்கச் செய்முறை: மாணவர்கள் என்ன செய்யலாம்?

இயற்பியல்_டீச்சர்:
மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அணுக்கருப் பாடம் வந்தால் பிள்ளைகள் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு அரை ஆயுட்காலத்தை (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரத்தை) கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சிதைவைக்கூட யாரும் பார்த்ததில்லை. இப்போது கதிர்வீச்சை எண்ணும் சாதாரண கெய்கர் கவுன்ட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. கதிரியக்க சோர்ஸ் (கதிர்வீச்சு விடும் பொருள்) வாங்கும் பேச்சே வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

பகடை100:
நூறு பகடையை உருட்டி, 6 விழுந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை மறுபடி உருட்டுங்கள். நான்காவது உருட்டலுக்குள் ஏறக்குறைய பாதி காலி. அப்படியே சிதைவு வளைவு வரும்.

பழைய_எண்ணி:
பகடை நல்லதுதான், ஆனால் விடை முன்னாடியே தெரிந்த விளையாட்டு. கவுன்ட்டர் கையில் இருக்கும்போது அதோடு ஏன் நிற்க வேண்டும்? நான் வருஷக்கணக்காக ஆய்வகத்தில் எண்ணிக்கொண்டே இருந்த ஆள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் அளக்காதீர்கள் டீச்சர். வெறும் பின்னணியை, அதாவது சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். நிமிஷத்துக்கு 25 வருகிறது என்று வையுங்கள். அதன் வர்க்கமூலம் 5, அதாவது 20 சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். நூறு நிமிஷம் எண்ணினால் 2500, ஆட்டம் 50, வெறும் 2 சதவீதம். இது புரியாத பிள்ளை 25-க்கு அப்புறம் 31 வந்ததும் "கதிர்வீச்சு கூடிவிட்டது" என்று குதிக்கும். பெரியவர்களே குதிக்கிறார்கள்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் இருக்கும். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு 30 சிதைவு போல நடக்கும். அதை மெல்லிசாகப் பரப்பி எண்ணுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குவித்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் உப்பைக் கொட்டினாலும் எண்ணிக்கை அநேகமாக ஏறாது. அடியில் இருந்து கிளம்பும் பீட்டாவை (சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்களை) மேலே இருக்கிற உப்பே விழுங்கிவிடுகிறது. எந்தக் கனத்தில் நிற்கிறது, ஏன் என்று அவர்களே தேடட்டும். ஆராய்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

இயற்பியல்_டீச்சர்:
அருமை சார். ஆனால் பொட்டாசியம்-40-க்கு அரை ஆயுட்காலம் 125 கோடி வருஷம். குறைவதைக் கண்ணால் காட்ட வழி உண்டா?

பழைய_எண்ணி:
பலூன்! ஊதி, கம்பளியில் நன்றாகத் தேய்த்து, தரைத்தளத்தில் பூட்டிக்கிடக்கும் அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். காற்றிலிருக்கிற ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வாரிசுகள், அதாவது அது சிதைந்து உண்டாகும் அணுக்கள், அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கிச் சுருக்கி, கவுன்ட்டர் பக்கத்தில் வைத்து ஐந்து ஐந்து நிமிஷமாக எண்ணுங்கள். அந்த வாரிசுகளில் ஈயம்-214-க்கு அரை ஆயுட்காலம் 27 நிமிஷம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிஷம். இரண்டும் சங்கிலியாக வருவதால் வளைவு பாடப்புத்தகப் படம் மாதிரி சுத்தமாக இருக்காது. அந்தக் கோணலைப் பற்றிப் பேசவே ஒரு வகுப்பு போதாது. ஈரப்பதம் அதிகமான நாளில் மின்னூட்டம் கசிந்துவிடும், வறண்ட நாளாகப் பாருங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை, நாம் தினமும் சுவாசிக்கிற காற்றுதான். சில மணி நேரத்தில் பின்னணிக்கே இறங்கிவிடும். முடிந்ததும் கை கழுவினால் போதும்.

பகடை100:
புகை எச்சரிக்கைக் கருவியில் அமெரிசியம் இருக்கிறதே, அதைக் கழற்றி...

பழைய_எண்ணி:
வேண்டவே வேண்டாம் தம்பி. அமெரிசியம்-241 ஆல்பா விடுவது, உடைந்து தூளாகி உள்ளே போனால் ஆபத்து. அப்படியே இருக்கட்டும். டீச்சர், உங்கள் கவுன்ட்டர் குழாயில் மைக்கா ஜன்னல் இருக்கிறதா, உலோக உறையா என்று பாருங்கள். ஆல்பா மெல்லிய மைக்கா ஜன்னலைத் தாண்டும், உலோகத்தைத் தாண்டாது. உலோகம் என்றால் ஆல்பா தெரியாது, பலூனுக்கு பீட்டாவையும் காமாவையும் நம்பித்தான் எண்ண வேண்டும். அப்படியானால் பலூனைக் குழாயோடு ஒட்டியே வையுங்கள்.